கரிஞானோ அரண்மனையும் இத்தாலியின் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டபோது அதன் தலைநகர் ரோம் இல்லை. வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் டூரின்தான். ஃபியட் காருக்கும் ஜுவென்டஸ் கால்பந்து அணிக்கும் பேர்போன அதே ஊர். அங்கே நகரின் நடுவில் நிற்கும் கரிஞானோ அரண்மனையைப் பற்றி, ஊர் பார்க்கப் போகிறவர்களும் வரலாறு படிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

1861-க்கு முன்னால் இத்தாலி என்று ஒரு நாடே கிடையாதா?

பெயர் இருந்தது, நாடு இல்லை. தீபகற்பம் பல துண்டுகளாகக் கிடந்தது. வடமேற்கில் சார்டீனியா அரசு. பெயர் தீவினுடையது என்றாலும் உயிர்நாடி பீட்மாண்ட் பகுதி, தலைநகர் டூரின், ஆண்டது சவோய் குடும்பம். லொம்பார்டியும் வெனிஸும் ஆஸ்திரியாவின் கையில். பார்மா, மொடேனா, டஸ்கனி என்று சிறு சிறு கோமக்கள் ஆட்சிகள். நடுவில் போப்பாண்டவரின் அரசு. தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த இரு சிசிலிகளின் அரசு. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சரக்கு கொண்டுபோனால் வழியில் சுங்கம் கட்ட வேண்டும். மக்கள் பேசியதும் அவரவர் வட்டார மொழியைத்தான். 1861-இல் இத்தாலிய மொழியைச் சரளமாகப் பேசியவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று ஒரு கணக்கு உண்டு. தாராளமாகக் கணக்குப் போடுபவர்கள்கூட பத்தைத் தாண்டுவதில்லை.

அரண்மனையைக் கட்டியது யார்?

சவோய் குடும்பத்தின் இளைய கிளை கரிஞானோ இளவரசர்கள். அவர்களில் இமானுவேலே ஃபிலிபெர்டோ என்பவர் 1679-இல் கட்ட ஆரம்பித்தார். பிறவியிலேயே காது கேளாதவர். ஊரார் அவரை ஊமை இளவரசர் என்றே அழைத்தார்கள். ஆனால் ஸ்பானிய ஆசிரியர் ஒருவரிடம் பயின்று பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டவர் அவர்.

வடிவமைத்தவர் குவாரினோ குவாரினி. பாதிரியார், கணித அறிஞர், கட்டடக் கலைஞர், மூன்றும் அவரே. இயேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் டூரின் துணியை வைப்பதற்கான சிற்றாலயத்தையும் இதே ஊரில் அவர்தான் வடிவமைத்தார். கரிஞானோ அரண்மனையின் வேலை முடிவதற்குள், 1683-இல், காலமாகிவிட்டார்.

அரண்மனை என்றதும் பளிங்கை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது செங்கல் கட்டடம், பூச்சுகூடக் கிடையாது. முகப்பு நேராக இல்லாமல் அலைபோல உள்ளே போய் வெளியே வருகிறது. சுடுமண்ணில் வார்த்த அலங்காரங்கள்தான் அதற்கு அழகு.

சன்னல்களுக்கு மேலே இறகுக் கிரீடம் வைத்த முகங்கள் இருக்கின்றனவே, அவை யார்?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், பலர் அண்ணாந்து பார்க்காமலே போய்விடுவார்கள். அவை வட அமெரிக்கப் பழங்குடியினரின் உருவங்கள். 1665-இல் பிரான்ஸ் தன் கனடா குடியேற்றத்தைக் காக்க, இரோக்வாய் மக்களுக்கு எதிராக ஒரு படையை அனுப்பியது. அந்தப் படை கரிஞானோ குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. அதன் நினைவாகத்தான் குவாரினி இந்த இறகுகளைச் சன்னல் சட்டங்களில் வைத்தார். இன்னொரு நாட்டு மக்களின் மீது படையெடுத்த நினைவை முகப்பில் ஒட்டிக்கொண்ட கட்டடத்திலிருந்துதான், இருநூறு ஆண்டுக்குள், அந்நியர் ஆதிக்கம் ஒழிக என்ற முழக்கம் எழுந்தது. வழிகாட்டிகள் இதைச் சொல்வது அபூர்வம்.

முகப்பின் உச்சியில் பெரிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது?

"இங்கே விட்டோரியோ எமானுவேலே பிறந்தார்" என்று. 1820 மார்ச் 14 அன்று இந்த அரண்மனையில் பிறந்த குழந்தைதான் பின்னால் இத்தாலியின் முதல் மன்னரானது. அவருடைய தந்தை கார்லோ ஆல்பெர்டோவும் இங்கேயே 1798-இல் பிறந்தவர்.

என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தின் பெருமைக்கு அந்த எழுத்து சரியான காரணத்தைச் சொல்லவில்லை. மன்னர்கள் எந்த வீட்டிலாவது பிறந்துதான் ஆக வேண்டும். இங்கே நடந்த பெரிய காரியம் வேறு: பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் ஒரு நாடாளுமன்றம் கூடிப் பேசியது.

இளவரசர் வீடு எப்படி நாடாளுமன்றமாக மாறியது?

கார்லோ ஆல்பெர்டோ 1831-இல் அரியணை ஏறியதும் குடும்பத்தோடு அரச அரண்மனைக்குக் குடிபோனார். பழைய வீடு அரசு அலுவலகமாகிவிட்டது. 1848 வசந்தத்தில் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்தபோது, மார்ச் 4 அன்று அவர் தன் குடிமக்களுக்கு ஓர் அரசியலமைப்பைக் கொடுத்தார். மனமுவந்து கொடுத்தார் என்று சொல்ல முடியாது. கொடுக்காவிட்டால் கையை விட்டுப் போய்விடும் என்ற நிலை. சரி, அரசியலமைப்பு வந்தாயிற்று, உறுப்பினர்கள் உட்கார இடம் வேண்டுமே. அரண்மனையின் நீள்வட்ட நடன மண்டபத்தில் அரைவட்டமாகப் படிப்படியான இருக்கைகளைப் போட்டார்கள். 1848 மே 8 அன்று 204 உறுப்பினர்களுக்கான கீழவை அங்கே கூடியது.

அரண்மனைக்கும் அரசியலமைப்புக்கும் அதற்கு முன்பே ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 1821 மார்ச்சில் கிளர்ச்சிக்காரர்களின் நெருக்குதலால் மன்னர் முடி துறந்தார். தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்த இளைஞர் கார்லோ ஆல்பெர்டோ, இதே கட்டடத்திலிருந்துதான் அரசியலமைப்பு தருவதாக அறிவித்தார். புதிய மன்னர் வெளியூரிலிருந்தே அதை ரத்து செய்ய, இவர் பின்வாங்கிக்கொண்டார். நம்பி இறங்கியவர்கள் சிலர் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அந்தக் கறை அவர் பெயரை விட்டுப் போகவே இல்லை.

1848-இல் நேப்பிள்ஸ், டஸ்கனி, ரோம் எல்லா இடத்திலும்தான் அரசியலமைப்பு வந்தது. டூரினுக்கு மட்டும் என்ன விசேஷம்?

மற்ற இடங்களில் புரட்சி ஓய்ந்ததும் ஆட்சியாளர்கள் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள். டூரினில் மட்டும் அது நிலைத்தது. இத்தனைக்கும் அந்த அரசு போரில் தோற்றிருந்தது: 1849 மார்ச் 23 அன்று நொவாராவில் ஆஸ்திரியப் படையிடம் அடி வாங்கியதும், கார்லோ ஆல்பெர்டோ அன்றே மகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மகன் விட்டோரியோ எமானுவேலே அரசியலமைப்பைக் காப்பாற்றிய உத்தமர் என்று பாடப்புத்தகங்கள் புகழும். ஆனால் ஆஸ்திரியாவோடு செய்த சமாதான உடன்படிக்கையைக் கீழவை ஏற்கத் தயங்கியபோது, அவையைக் கலைத்து, தனக்கு வேண்டிய மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுங்கள் என்று வாக்காளர்களை வெளிப்படையாகவே மிரட்டியவரும் அவர்தான். ஆக, அவருக்கு மனசு இருந்ததோ இல்லையோ, அவை தொடர்ந்து கூடியது, அதுதான் முக்கியம்.

அதன் பலன் என்ன தெரியுமா? பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் உள்ள ஒரே இத்தாலிய நகராக டூரின் மிஞ்சியது. மற்ற ஊர்களில் விரட்டப்பட்டவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். நேப்பிள்ஸ் சிறையிலிருந்து வெளிவந்த இலக்கிய அறிஞர் ஃபிரான்செஸ்கோ டி சாங்டிஸ் இங்கே பாடம் நடத்தினார். 1861-இல் கல்வி அமைச்சரானார். நாடு உருவாகும் முன்பே, நாட்டின் நாலாபக்கத்து ஆட்களும் ஒரே ஊரில் காபிக் கடைகளில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவூர் இந்த அரண்மனையில் என்ன செய்தார்?

பேசினார். விடாமல் பேசினார். கமீலோ காவூர் பிரபு 1852-இல் பிரதமரானார். இதில் வேடிக்கை, அவருக்கு இத்தாலிய மொழியைவிட பிரெஞ்சுதான் நன்றாக வரும். அவையின் நடுப் பகுதியில் வலதுசாரி மிதவாதிகளையும் இடதுசாரி மிதவாதிகளையும் ஒட்டுப்போட்டுப் பெரும்பான்மை சேர்த்தார். பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவை எதிர்த்து நடத்திய கிரிமியப் போருக்கு 15,000 வீரர்களை அனுப்பும் ஒப்பந்தத்தை 1855-இல் இந்த மண்டபத்தில் வாதாடி நிறைவேற்றினார். இத்தாலிக்கும் கிரிமியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றும் கேட்டார்கள். பிரிட்டனும் பிரான்சும் உட்காரும் மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கிடைத்தது.

1859 ஏப்ரல் 23-ஐச் சொல்லாமல் விடக்கூடாது. போர் வந்தால் மன்னருக்கு முழு அதிகாரம் தருவதற்கான மசோதா அன்று அவையில் இருந்தது. காவூர் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்: ஆஸ்திரியா முதலில் கை ஓங்க வேண்டும், அப்போதுதான் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஒப்பந்தப்படி துணைக்கு வருவார். அவை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆஸ்திரியத் தூதர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று துண்டுச்சீட்டு வந்தது. மூன்று நாளில் படையைக் குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கைக் கடிதம் அவர்கள் கையில். பீட்மாண்ட் அவையின் கடைசிக் கூட்டத்திலிருந்து வெளியே போகிறேன், அடுத்தது இத்தாலி அரசின் அவையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். தேதிக் கணக்கில் கொஞ்சம் முந்திக்கொண்டார், விஷயத்தில் தவறவில்லை. ஜூன் மாதம் மஜென்டாவிலும் சோல்ஃபெரினோவிலும் ஆஸ்திரியா தோற்றது, லொம்பார்டி கைக்கு வந்தது.

சரி, இத்தாலி பிறந்தது அரண்மனையின் எந்த அறையில்?

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். போகிறவர்கள் 1848-இன் பழைய அவை மண்டபத்தைப் பார்த்துவிட்டு, இங்கேதான் இத்தாலி அறிவிக்கப்பட்டது என்று புகைப்படத்துக்குக் கீழே எழுதிவிடுகிறார்கள். இல்லை.

1859 போருக்குப் பிறகு டஸ்கனி, பார்மா, மொடேனா பகுதிகள் வாக்கெடுப்பு நடத்திச் சேர்ந்துகொண்டன. 1860 மே மாதம் புரட்சிப் படைத்தலைவர் கரிபால்டி ஆயிரம் தொண்டர்களோடு சிசிலியில் இறங்கி, சில மாதங்களில் தெற்கு முழுவதையும் பிடித்து மன்னரிடம் ஒப்படைத்தார். திடீரென்று நாடு பெரிதாகிவிட்டது. 204 பேருக்குப் போட்ட மண்டபத்தில் 443 பேர் எப்படி உட்காருவது? அமெதேயோ பெய்ரோன் என்ற பொறியாளரை வைத்து, அரண்மனையின் நடு முற்றத்தில் அவசர அவசரமாக ஒரு தற்காலிகக் கூடம் எழுப்பினார்கள். 1861 பிப்ரவரி 18 அன்று முதல் இத்தாலிய நாடாளுமன்றத்தை மன்னர் தொடங்கி வைத்தது அந்தக் கூடத்தில். மார்ச் 14 அன்று கீழவை வாக்களித்ததும் அங்கேதான். பின்னால் அதைப் பிரித்துவிட்டார்கள்.

ஆகவே இத்தாலி பிறந்த அறை இன்று இல்லை. முற்றத்தில் நின்றால் அந்த அறை இருந்த இடத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது?

ஒரே ஒரு பிரிவு. இரண்டாம் விட்டோரியோ எமானுவேலே தனக்கும் தன் வாரிசுகளுக்கும் "இத்தாலியின் மன்னர்" என்ற பட்டத்தை ஏற்கிறார். வேறொன்றும் இல்லை. நாடு உருவாகிறது என்றோ, எல்லை எது என்றோ, தலைநகர் எது என்றோ ஒரு சொல் கிடையாது.

மேலவையான செனட் பிப்ரவரி 26 அன்று ஒப்புதல் தந்தது. இரண்டே பேர் எதிர்த்தார்கள். கீழவை மார்ச் 14 அன்று, மன்னரின் பிறந்தநாளாகப் பார்த்து, ஒருமனதாக நிறைவேற்றியது. மார்ச் 17 அன்று சட்டமானது. அந்த நாளைத்தான் இன்றும் ஒற்றுமை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சட்டத்தின் எண்ணைப் பாருங்கள்: 4671. புது நாட்டின் முதல் சட்டம் என்றால் 1 என்றுதானே இருக்க வேண்டும்? சார்டீனியா அரசின் வரிசையிலேயே எண் போட்டிருந்தார்கள். ஏப்ரல் 21 அன்று வந்த சட்டத்துக்குத்தான் இத்தாலி அரசின் எண் 1 கிடைத்தது.

இத்தாலியின் முதல் மன்னர் ஏன் "இரண்டாம்" விட்டோரியோ எமானுவேலே?

சவோய் வரிசையில் அவர் இரண்டாமவர். அந்த எண்ணை மாற்ற மறுத்துவிட்டார். நாடாளுமன்றமும் அப்படியே: 1861-இல் கூடியது முதலாவது அல்ல, எட்டாவது அவை என்றே கணக்கில் எழுதினார்கள். 1848-இன் அரசியலமைப்பே நாடு முழுக்கப் பொருந்தியது.

அன்றே பலருக்கு இது உறுத்தியது. பல அரசுகள் சேர்ந்து ஒரு புது நாட்டை உண்டாக்கினவா, அல்லது ஒரு அரசு மற்றவற்றை விழுங்கியதா? தெற்கில் இன்றும் இந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகள் அங்கே அரசுப் படைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் இடையே கடும் ரத்தக்களரி நடந்தது. கொள்ளையர் ஒழிப்பு என்று அரசு பெயர் வைத்தது. 1863-இல் ராணுவ நீதிமன்றங்களுக்கு இடம் தரும் தனிச் சட்டமும் வந்தது. 4671 என்ற எண்ணையும் "இரண்டாம்" என்ற அடைமொழியையும் பார்க்கும்போது, தெற்கத்திக்காரர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

மக்கள் வாக்களித்துத்தானே இந்த நாடாளுமன்றம் வந்தது?

மிகச் சில மக்கள். 25 வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரிந்த, ஆண்டுக்கு 40 லிரா வரி கட்டும் ஆண்களுக்குத்தான் பொதுவாக வாக்கு. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேரில் வாக்குரிமை இருந்தது சுமார் 4 லட்சத்து 18 ஆயிரம் பேருக்கு. இரண்டு சதவீதம்கூட இல்லை. அதிலும் 1861 ஜனவரியில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டும். பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செனட்டும் இங்கேதான் இருந்ததா?

இல்லை. சில நிமிட நடையில் உள்ள மதாமா அரண்மனையில். மன்னர் நியமித்த உறுப்பினர்கள் அவர்கள்.

கரிபால்டி இந்த அவைக்கு வந்தாரா?

வந்தார், வந்து வெடித்தார். 1861 ஏப்ரல் 18. எல்லா உறுப்பினர்களும் கறுப்புக் கோட்டில் இருக்க, அவர் சிவப்புச் சட்டையும் தென் அமெரிக்கப் போர்வை அங்கியுமாக நுழைந்தார். கோபத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, தெற்கை வென்று கொடுத்த அவருடைய தொண்டர் படையை அரசு கிட்டத்தட்டக் கலைத்துவிட்டது. இரண்டு, பிரான்சின் உதவிக்கு விலையாக அவருடைய சொந்த ஊரான நீஸ் நகரை 1860-இல் காவூர் விட்டுக்கொடுத்திருந்தார். பிறந்த மண்ணிலேயே தன்னை அந்நியனாக்கிய மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

சகோதரர்களுக்கு இடையே போர் மூட்டப் பார்த்தது இந்த அரசு என்று கரிபால்டி முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார். காவூர் மேசையைத் தட்டிக்கொண்டு எழ, கூச்சல் குழப்பத்தில் அவையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து மன்னர் இருவரையும் வரவழைத்துச் சமாதானம் செய்துவைத்தார். ஒப்புக்குத்தான். ஜூன் 6 அன்று காவூர் இறந்துவிட்டார். வயது 50. நாடு பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பாரதியார் எழுதிய மாஜினிக்கும் இந்த அரண்மனைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, எதிர்த்தரப்பாக. "மாஜினியின் சபதம்" என்று பாரதியார் பாடியது, மாஜினி 1831-இல் தொடங்கிய இளைய இத்தாலி இயக்கத்தில் சேர்பவர்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழியை. ஒரே இத்தாலி என்ற கனவை ஊட்டியவர் அவர். ஆனால் அவர் கேட்டது மன்னரில்லாத குடியரசு. சார்டீனியா அரசு அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 1861-இல் இங்கே கைதட்டல் ஒலித்தபோது அவர் உள்ளே இல்லை. 1866-இல் மெசினா நகர மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தும், தண்டனையைக் காரணம் காட்டி அவை அந்தத் தேர்தலைச் செல்லாதென்றது. நம் ஊரில் விடுதலை வீரர்கள் மாஜினியைக் கொண்டாடிய அளவுக்கு அவருடைய சொந்த அரசு அவரைக் கொண்டாடவில்லை.

டூரின் ஏன் தலைநகராக நீடிக்கவில்லை?

நீடிக்கும் என்று காவூரே நினைக்கவில்லை. 1861 மார்ச் 27 அன்றே, ரோம்தான் தலைநகர் என்று இந்த அவை தீர்மானம் போட்டது. ஆனால் ரோமில் போப்பாண்டவருக்குக் காவலாகப் பிரெஞ்சுப் படை இருந்தது. 1864 செப்டம்பரில் பிரான்சோடு ஓர் ஒப்பந்தம்: பிரெஞ்சுப் படை விலகும், பதிலுக்குத் தலைநகரை இத்தாலி வேறு ஊருக்கு மாற்றும். ஃபுளோரன்ஸ் என்று முடிவானது. செய்தி கசிந்ததும் டூரின் மக்கள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பர் 21, 22 தேதிகளில் துப்பாக்கிச் சூடு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒற்றுமைக்கு எல்லாவற்றையும் கொடுத்த ஊருக்குக் கிடைத்த பரிசு இது. 1865-இல் அரசு ஃபுளோரன்ஸுக்குப் போனது. 1870 செப்டம்பர் 20 அன்று ரோம் பிடிபட, அடுத்த ஆண்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

அரண்மனையின் பின்பக்கம் ஏன் வேறு கட்டடம் மாதிரி இருக்கிறது?

வேறு காலத்துக் கட்டடம்தான். முன்பக்கம் குவாரினியின் செங்கல் அலை; பின்பக்கம், கார்லோ ஆல்பெர்டோ சதுக்கத்தைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெள்ளைக் கல்லும் தூண்களும். முற்றத்துக் கூடம் தற்காலிகம் என்பதால், இத்தாலி நாடாளுமன்றத்துக்கு நிரந்தரமான பெரிய மண்டபம் கட்ட வேண்டும் என்று அரண்மனையைப் பின்னால் நீட்டினார்கள். வேலை தொடங்கி சில மாதங்களிலேயே தலைநகர் மாறும் செய்தி வந்துவிட்டது. நிறுத்தினார்களா? இல்லையே. 1871-இல் மண்டபம் முடிந்தபோது நாடாளுமன்றம் ஊரை விட்டுப் போய் ஆறு ஆண்டு ஆகியிருந்தது; கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போட்ட கதை. அந்த மண்டபத்தில் ஒரு நாள்கூட அவை கூடவில்லை.

ஜெர்மனியும் ஓர் அரண்மனையில்தானே அறிவிக்கப்பட்டது?

ஆம், 1871 ஜனவரி 18 அன்று வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தில். ஆனால் அது தோற்ற எதிரியின் அரண்மனையில், இளவரசர்களும் ராணுவ அதிகாரிகளும் கூடி நடத்திய விழா. டூரினில் நடந்தது வாக்கெடுப்பு, எவ்வளவு குறைந்த பேரின் பிரதிநிதிகள் என்றாலும்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

மிலானிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம்; டூரினின் போர்ட்டா நுவோவா நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். புகழ்பெற்ற எகிப்திய அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே திரும்பிவிடும். இங்கே நிதானமாகப் பார்க்க முடியும்.

மேல்மாடியில் ரிசோர்ஜிமெந்தோ தேசிய அருங்காட்சியகம், அதாவது இத்தாலிய ஒருங்கிணைப்பு வரலாற்றுக்கானது. 1938 முதல் இந்த அரண்மனையில் இருக்கிறது. நாட்டின் 150-ஆம் ஆண்டு விழாவையொட்டி 2011-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். மொத்தம் 30 அறைகள். 1848-இன் அவை மண்டபம் அப்படியே இருப்பதுதான் இதில் முக்கியம். அந்த ஆண்டு ஐரோப்பாவில் புரட்சியால் பிறந்த நாடாளுமன்றங்களின் மண்டபங்களில் மாறாமல் மிஞ்சியது இது ஒன்றே என்கிறார்கள். காவூர் உட்கார்ந்த இடத்தை மூவண்ண அடையாளம் வைத்துக் காட்டியிருப்பார்கள். அவை கூடாத அந்த 1871 மண்டபமும் அருங்காட்சியகத்தின் பகுதிதான். அறைகளின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கத் தவறாதீர்கள். சின்ன அறையில்தான் வேலை நடந்திருக்கிறது.

எதிரே 1757 முதல் இருக்கும் டெல் காம்பியோ உணவகம். காவூர் அவைக்கும் இதற்கும் இடையே நடந்துகொண்டிருந்தவர். அவருடைய மேசை என்று ஒன்றைக் காட்டுவார்கள். விலையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கீழ்த்தளத்தில் இளவரசர்கள் வாழ்ந்த அறைகள் தனி நிர்வாகத்தில் உள்ளன. அவற்றுக்கு நேரமும் சீட்டும் வேறு. அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. முற்றத்தில் போய்ச் சுவரைப் பார்க்கச் சீட்டு தேவையில்லை: எட்டு முனை நட்சத்திர வடிவில் செங்கற்களை வார்த்து அடுக்கியிருக்கிறார் குவாரினி.